லைக்ரா, சாட்டின் உடுப்புகளை லோன்றிக்குக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பு நகரில் டிரை கிளீனிங் செய்வதாகப் பலகை போட்டிருக்கும் ஒரு லோன்றியில் எங்கள் பாடசாலை நடனக்குழுவின் உடுப்புகளைக் கொடுத்தோம். அவற்றில் பெரும்பாலானவை இனி மேடைக்கு உடுத்த முடியாத நிலையில் திரும்பி வந்துள்ளன. முறைப்பாடு செய்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனாலும் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை இதே மாதிரியான உடுப்புகளை வைத்துக்கொண்டு கலைவிழாக்களுக்கு ஆயத்தமாகும் ஆசிரியர்களும் பெற்றோரும் இருப்பதால், நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடுத்தவை மூன்று வகை. உடம்போடு ஒட்டி நிற்கும் வெள்ளிநிறச் சட்டையும் லெகின்ஸும் நைலோனும் லைக்ராவும் கலந்த துணி. மேலே கட்டும் நீலப் பாவாடை பொலியெஸ்டர் சாட்டின். இடுப்புப் பட்டி, துணியின் மேல் தங்கநிற மினுக்குப் படலம் ஒட்டிய வகை. ஒவ்வொன்றும் என்ன துணி என்பதை வாயால் சொல்லியே ஒப்படைத்தோம். "எல்லாத்தையும் டிரை கிளீன்ல போடுறம் டீச்சர், பயப்பிடாதீங்க" என்று சொல்லி, சாதாரணச் சலவைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகப் பற்றுச்சீட்டு எழுதினார்கள்.

பொதியைப் பிரித்ததும் வெளிற்றும் தூளின் மணம் அடித்தது. வெள்ளிச் சட்டைகள் மஞ்சள் பூத்திருந்தன. கழுத்து விளிம்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் உள்ளே நூல்கள் முறியும் மெல்லிய சத்தம் கேட்டது; கையை விட்டால் விளிம்பு சுருங்கி உள்ளே போகாமல் இழுத்தபடியே தொங்கியது. தையலோரங்களில் அறுந்த வெள்ளை இழைகள் மயிர் மயிராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சாட்டின் பாவாடைகளில் இலக்கச் சீட்டை ஸ்டேப்ளர் ஊசியால் குத்தி, பிறகு அதைப் பிடுங்கியதில் நூல் இழுபட்டு நீளக் கோடு விழுந்திருந்தது. போதாததற்கு, மடிப்புகளின் மேல் இஸ்திரிக்கைப் பெட்டியின் கூர்முனை அச்சுப்போலப் பதிந்திருந்தது. பட்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: ஒன்றின் தங்கப் படலம் உரிந்து மற்றொன்றின் முதுகில் ஒட்டியிருந்தது.

உரிமையாளரின் பதில், "இது துணிட குற்றம் டீச்சர், லைக்ரா எண்டா கொஞ்ச நாளையில இப்பிடித்தான் போகும்" என்பதாக இருந்தது. நிகழ்ச்சியன்று காய்ச்சலால் வராத ஒரு பிள்ளையின் உடுப்பு, அதே சுருளில் வெட்டி அதே தையல்காரியிடம் தைத்தது, லோன்றிக்குப் போகாமல் பாடசாலை அலுமாரியிலேயே இருந்தது. அதைக் கொண்டுபோய் மேசையில் பக்கத்தில் வைத்தோம். இரண்டையும் இழுத்துப் பார்த்தவர், துணியைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, அடுத்த முறை கட்டணத்தில் கழித்துத் தருவதாகச் சொல்லத் தொடங்கினார்.

என்ன செய்திருக்கிறார்கள் என்பதை உடுப்புகளே காட்டிக்கொடுக்கின்றன. லைக்ரா என்பது வணிகப் பெயர். உடுப்பின் உள்ளே தைத்திருக்கும் சீட்டில் எலாஸ்டேன் என்றோ ஸ்பான்டெக்ஸ் என்றோ இருந்தாலும் பொலியூரித்தேனால் ஆன அதே இழைதான். ஐந்து மடங்கு வரை நீண்டு மீளும் அந்த இழையை வெளிற்றும் தூளில் உள்ள குளோரின் அரித்துவிடும். நைலோனையும் அது பழுதாக்கி மஞ்சளாக்கும். பொலியெஸ்டர் குளோரினை ஓரளவு தாங்கும் என்பதால்தான் பாவாடைகளின் நிறம் பெரிதாக மாறவில்லை. அவற்றைக் கெடுத்தது சூடு. பருத்திக்குப் பாவிக்கும் 200 பாகை செல்சியஸ் சூட்டில் பொலியெஸ்டரின் மேற்பரப்பு இளகி நசுங்கும். எலாஸ்டேன் கலந்த துணிக்கு 110 பாகைக்கு மேல் வைக்கவே கூடாது. பாடசாலை வெள்ளைச் சீருடைகளையும் படுக்கை விரிப்புகளையும் வெளுக்கும் தொட்டியிலேயே இவற்றையும் ஊறவைத்து, அதே சூட்டில் அழுத்தியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. அங்கே வேலை செய்யும் ஒருவர் பிறகு சொன்னதும் இதற்குப் பொருந்துகிறது: கடையில் டிரை கிளீனிங் இயந்திரமே இல்லை, அது பற்றுச்சீட்டில் உள்ள ஒரு விலை மட்டும்தான்.

உண்மையாகவே டிரை கிளீன் செய்திருந்தாலும் பட்டிகள் தப்பியிருக்க மாட்டா. டிரை கிளீனிங்கில் தண்ணீருக்குப் பதிலாகப் பாவிக்கும் பெர்குளோரோஎதிலீன் போன்ற கரைப்பான், மினுக்குப் படலத்தை ஒட்டியிருக்கும் பசையையே இளக்கிவிடக் கூடியது. தொழில் தெரிந்த ஒருவர் பட்டிகளைப் பார்த்த உடனேயே, இதை எடுக்க மாட்டேன் என்று திருப்பித் தந்திருப்பார். ஆகவே எதைக் காட்டினாலும் "செய்யலாம்" என்று சொல்லும் கடையில்தான் கூடுதல் கவனம் தேவை. இயந்திரம் எங்கே இருக்கிறது, எந்தக் கரைப்பான், கொழும்புக்கு அனுப்பிச் செய்கிறார்களா என்று கேளுங்கள். உடுப்பின் உள்ளே இருக்கும் சீட்டில் முக்கோணத்தின் மேல் குறுக்குக்கோடு இருந்தால் வெளிற்றக் கூடாது. வெறும் வட்டத்தின் மேல் இருந்தால் டிரை கிளீன் கூடாது. இஸ்திரிக்கைப் பெட்டிப் படத்துக்குள் ஒற்றைப் புள்ளி இருந்தால் குறைந்த சூடு. ஏற்றுமதி மிகுதியாக நம் கடைகளுக்கு வரும் லைக்ரா உடுப்புகளில் பல சீட்டு வெட்டப்பட்டே விற்கப்படுகின்றன. அவற்றை எல்லாக் குறுக்குக்கோடும் இருப்பதாக நினைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

எஞ்சியவற்றை இப்போது நாங்களே கழுவுகிறோம். வியர்வை காய்வதற்கு முன், அன்றிரவே, ஒரு பேசின் குளிர்ந்த தண்ணீரில் சிறிதளவு ஷாம்பூ கலந்து உள்பக்கத்தை வெளியே திருப்பி அலசுவோம். வெளிற்றும் தூள் அண்மையில் போட்ட கிணறென்றால் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் பாயின் மேல் விரித்துக் காயவிடுகிறோம். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் பாரமே லைக்ராவை நீட்டிவிடும். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். தோல்போல மினுங்கும் பூச்சுத் துணி வைத்திருப்பவர்கள், மாரி காலத்து ஈரப்பதனில் பொலியூரித்தேன் பூச்சுத் தானாகவே பிசுபிசுத்து உரியும் என்பதையும் மனதில் வைத்து, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாமல் காற்றுப்படும்படி வையுங்கள்.

பற்றுச்சீட்டின் பின்புறத்தில், சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சிட்டிருந்ததைக் கடைசியில் காட்டினார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்படும் என்பதை உள்ளடங்கிய உத்தரவாதமாகவே கொள்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். உடுப்பைக் கொடுக்கும்போதே துணியின் வகையையும் "வெளிற்றல் கூடாது, குறைந்த சூடு" என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லி, அந்தச் சீட்டையும் உடுப்பையும் ஒன்றாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத மறுக்கும் கடையில் கொடுக்க வேண்டாம்.