கேபின் ஹீட்டரா, சீட் ஹீட்டரா? குளிரில் மின்சாரக் காரின் ரேஞ்ச்

பெட்ரோல் காரில் ஹீட்டர் கிட்டத்தட்ட இலவசம். எஞ்சின் வீணாக்கும் சூடே உள்ளே வந்துவிடும். மின்சாரக் காரில் வீணாகும் சூடு குறைவு. அதனால் பேட்டரியில்தான் கை வைக்க வேண்டும்; ஒரே சார்ஜில் ஓடும் தூரம், அதாவது ரேஞ்ச், குறையும்.

காருக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்குவது கேபின் ஹீட்டர். அது சாதாரண மின் ஹீட்டராக இருந்தால் ஆரம்பத்தில் 5 கிலோவாட் வரை இழுக்கும். அப்புறம் 2 கிலோவாட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2 யூனிட். 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் குடிக்கும் காரில் அது 12 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். முக்கியமான விஷயம், ஹீட்டருக்குத் தூரம் கணக்கில்லை, நேரம்தான் கணக்கு. நெடுஞ்சாலையில் ஒரு மணியில் 90 கிலோமீட்டர் போனால் இந்த 2 யூனிட் பெரிதாகத் தெரியாது. நெரிசலில் 20 கிலோமீட்டர்தான் நகர்ந்தீர்கள் என்றால், ஓட்டத்துக்கே 3 யூனிட் சொச்சம். ஹீட்டருக்கு மட்டும் 2!

சீட் ஹீட்டர் இருக்கைக்கு 50 முதல் 100 வாட் எடுக்கும். ஒரு மணி நேரம் போட்டாலும் ரேஞ்சில் போவது அரை கிலோமீட்டர் அளவுதான். காற்றைச் சூடாக்காமல் முதுகையே நேராகச் சூடாக்குவதால் இந்தச் சிக்கனம்.

தனியாக ஓட்டுபவருக்கு என் ஓட்டு சீட் ஹீட்டருக்கே. ஆனால் கண்ணாடியில் பனி படர்ந்தால் யோசிக்காமல் கேபின் ஹீட்டரைப் போடுங்கள்; பாதை தெரிவதைவிட ரேஞ்ச் பெரிதில்லை. பின்சீட்டில் குழந்தைகள் இருந்தாலும் அப்படித்தான். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் உள்ள காரில் இந்தச் செலவு நன்றாகவே குறையும். இல்லாவிட்டால், சார்ஜரில் இருக்கும்போதே கேபினைச் சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள்.