34 மாத லீஸ் கார்: முடிக்கவா, ஓட்டவா?

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் கேட்டான். "அண்ணா, ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சே, ஆபீஸ் லீஸ்ல ஒரு கார் எடுத்துடவா?" அன்று காலைதான் என் லீஸைப் பாதியில் முடித்து வண்டியை என் பெயருக்கு எடுத்துக்கொண்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று லீஸ் கம்பெனி ஒரு கணக்கு அனுப்பியிருந்தது. 4,98,000 ரூபாய், 2025 நவம்பர் 30 வரை செல்லும். "சாயங்காலம் சொல்றேன்டா" என்றேன். ஒரு வாரமாக அந்தச் சாயங்காலம் வரவில்லை.

ஆபீஸ் லீஸ் என்றால், காரை லீஸ் கம்பெனி வாங்கி நமக்கு ஓட்டத் தரும், மாத வாடகையை ஆபீஸ் நம் சம்பளத்தில் பிடித்துக் கட்டும். என் வண்டி 2023 பிப்ரவரியில் எடுத்த பலேனோ. 48 மாத ஒப்பந்தத்தில் 34 மாதம் ஓடிவிட்டது, மீட்டரில் 41,000 கிலோமீட்டர். ஓ.எம்.ஆர். நெரிசலில் லிட்டருக்கு 14, ஊருக்குப் போகும்போது 20. வண்டிமேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது, அதனால் அதைப் பற்றி மேற்கொண்டு பேசப் போவதில்லை.

லீஸின் நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக மனம் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பள்ளிக்கரணையில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நின்ற வண்டிக்குள் சீட் நனையும் அளவுக்குத் தண்ணீர். விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நான் 'நம்ம தெருவுக்கெல்லாம் வராது' கட்சி. தண்ணீர் வடிந்ததும் லீஸ் கம்பெனிக்கு ஒரே ஒரு போன். வண்டியை இழுத்துப் போனார்கள், இன்சூரன்ஸ் சர்வேயரோடு பேசுவதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள், நடுவில் ஓட்ட ஒரு மாற்று வண்டியும் தந்தார்கள். ஆறு வாரத்தில் என் வண்டி வாசலுக்கு வந்தது. நான் கையிலிருந்து கொடுத்தது 1,000 ரூபாய். எதிர் வீட்டுக்காரர் தண்ணீரில் நின்ற வண்டியை "ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்" என்று சாவியைத் திருகினார். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராட் வளைந்தது. இன்ஜினுக்கென்று தனிக் காப்பீடு எடுக்காத மனிதர், ஏப்ரல் வரை அலைந்தார்.

வரிக் கணக்கிலும் குறை சொல்ல முடியாது. வாடகை சம்பளத்தில் வரிக்கு முன்னாலேயே கழிந்துவிடுகிறது. 1.6 லிட்டருக்கு உட்பட்ட இன்ஜின் என்பதால் 2025-ல் மாதம் 1,800 ரூபாயை மட்டும் என் வருமானத்தில் சேர்த்து வரி போட்டார்கள். புதிய வரி முறையில் வீட்டு வாடகைச் சலுகையே போய்விட்டது, இது மட்டும் தப்பித்து நிற்கிறது. 30 சதவீத அடுக்கில் இருப்பவனுக்கு மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் மிச்சம். அதன் மேல் 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு வரியும் செஸ்ஸுமாக 29 சதவீதம் இருந்தது 18 ஆனது. லீஸ் வாடகைக்கும் அதே விகிதம்தான். 25,300 கட்டிவந்தவன் அக்டோபரில் 23,100 கட்டினேன்.

சந்தோஷம் இரண்டு நாள் தாங்கியது. புது வண்டி பத்து லட்சத்துக்கு 85,000 இறங்கினால் பழசும் கூடவே இறங்கத்தானே செய்யும்? ஆகஸ்டில் என் வண்டிக்கு 6,60,000 சொன்ன வியாபாரி இப்போது 6,10,000 என்கிறார். அதுவும், "ஆர்சி உங்க பேர்ல மாறினப்புறம் வாங்க சார், பேசிக்கலாம்."

அந்த ஆர்சிதான், வண்டியின் பதிவுச் சான்றிதழ்தான், என் பிரச்சினை. வண்டி லீஸ் கம்பெனி பெயரில். அதில் உள்ள செல்போன் எண்ணும் அவர்களுடையது. சிக்னலில் கோட்டைத் தாண்டி நின்றேன் என்று 500 ரூபாய் அபராதம் விழுந்தால் குறுஞ்செய்தி அவர்களுக்குப் போகும். அங்கே இரண்டு மாதம் ஊறும். அப்புறம் அவர்களே கட்டிவிட்டு, நிர்வாகக் கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90, ஆக மொத்தம் 1,090 ரூபாயை என் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி ஹெச்ஆருக்கு எழுதுவார்கள். கோட்டைத் தாண்டவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாண்டியதற்கு 500, அதை யாரோ ஒருவர் திறந்து படித்ததற்கு 590 என்பது என்ன நியாயம்? ஒரு தடவை நானே முந்திக்கொண்டு கட்டினேன். அதையும் பட்டியலில் சேர்த்து அனுப்பினார்கள். ரசீதைக் காட்டி அந்த 590-ஐத் திரும்ப வாங்க ஐந்து மெயில்.

இந்த வருடம் பொறுமை போனது பாஸ்டேக் விஷயத்தில். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு வருடாந்தர பாஸ் வந்தது. ஒரு வருடம் அல்லது 200 தடவை சுங்கச்சாவடி கடப்பது, எது முதலில் முடிகிறதோ அதுவரை. கோவில்பட்டிக்கு ஒரு வழிக்கே பரனூரில் தொடங்கி எட்டூர்வட்டம் வரை பத்து வரும். எங்களுக்கென்றே போட்ட திட்டம் மாதிரி இருந்தது. ஆனால் என் டேக், டெலிவரி அன்று வண்டி எண்ணுக்குப் பதில் சேசிஸ் எண்ணை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணை, வைத்துப் போட்டது. வண்டி எண் ஏற்றாத டேக்குக்கு பாஸ் கிடையாது. எண்ணை ஏற்றப் போனால் ஆர்சி கேட்டார்கள், ஆர்சியில் வேறு பெயர் என்றதும் உரிமையாளரின் கடிதம் கேட்டார்கள். ஆகஸ்ட் 18 அன்று கடிதம் கேட்டு எழுதினேன். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." தீபாவளிக்கு முழுக் காசும் கட்டித்தான் ஊருக்குப் போய்வந்தோம். நவம்பர் 5 அன்று கடிதம் வந்தது, வண்டி எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக. அன்றைக்குத்தான் லீஸைப் பாதியில் முடிக்க ஃபோர்க்ளோஷர் கணக்கு கேட்டு மெயில் போட்டேன்.

போன வருட ஆயுத பூஜைக்கு ஊரில் அப்பா வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டு, சாமி முன்னால் வைக்க ஆர்சியைக் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "ஏல, இதுல உன் பேரக் காணுமே? யாரு வண்டில இது?" வரி மிச்சம், இன்சூரன்ஸ், வெள்ளத்தில் செய்த உதவி எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, வாடக வண்டின்னு சொல்லு" என்றார்.

இனி கணக்கு. மீதி 14 மாத வாடகை 3,23,400. வரியில் மிச்சமாகும் 93,000 போக 2,30,000. கடைசியில் வண்டியை எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை வரியோடு 2,36,000. மொத்தம் 4,66,000. இன்சூரன்சும் சர்வீசும் இதற்குள் அடக்கம். இப்போதே முடித்தால் 4,98,000, இன்சூரன்சுக்கும் சர்வீசுக்கும் தனியாக ஒரு 35,000. அவசரத்துக்கு விலை 67,000 ரூபாய். எட்டாம் வகுப்புப் பையன்கூட ஓட்டு என்றுதான் சொல்வான்.

முடிக்கச் சொல்ல ஒரே ஒரு உருப்படியான காரணம் உண்டு. வேலை போனால் லீஸும் போகும். இந்த வருடம் எங்கள் தளத்தில் ஒருவரை அனுப்பியபோது, இறுதிக் கணக்கில் லீஸ் பாக்கியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் கொடுத்தார்கள். என் தலைக்கு மேல் இப்போதைக்குக் கத்தி இல்லை. இருந்தாலும் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டா அனுப்புகிறார்கள்?

நேற்று இரவு இதையெல்லாம் மனைவியிடம் காட்டினேன். "பதினாலு மாசம்தானேங்க, கண்ணை மூடித் திறந்தா போயிடும்" என்றாள். சரி என்று தம்பிக்கும் வாட்ஸாப்பில் சொல்லிவிட்டேன்: தாராளமாக எடு. முப்பது சதவீத அடுக்கில் இருக்கிறாய், வருடத்துக்கு ஒரு தடவை வேலை மாறுகிற ஆளும் இல்லை. பாதியில் முடித்தால் எவ்வளவு, அபராதத்துக்கு நிர்வாகக் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்கிக்கொள். டேக்கில் வண்டி எண் ஏறிவிட்டதா என்று முதல் மாதமே பார்.

இன்று காலை மெயில். துரைப்பாக்கம், செப்டம்பர் 9, நோ பார்க்கிங், 500. நிர்வாகக் கட்டணம் வரியோடு 590.

67,000-ஐ 590-ஆல் வகுத்துப் பார்த்தேன். இன்னும் 113 தடவை நோ பார்க்கிங்கில் நிறுத்தினால்தான் எனக்குக் கட்டுப்படியாகும். வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபோர்க்ளோஷர் மெயிலைத் தேடி எடுத்து, "சம்மதம், மேற்கொண்டு செய்யுங்கள்" என்று பதில் போட்டேன். ஆர்சியில் பெயர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டும் எப்போது வரும் என்றும் கேட்டிருக்கிறேன்.

தம்பி நேற்றே விண்ணப்பித்துவிட்டானாம்.