ஒரே பயணம், இரண்டு பெட்டிகள்: புது லினனா, பழகிய கைத்தறியா?

போன ஜூன் பள்ளி விடுமுறைக்கு நானும் தங்கையும் பிள்ளைகளோடு சிங்கப்பூரிலிருந்து இத்தாலிக்குப் போனோம். ரோமில் நான்கு இரவு, ஃபுளோரன்சில் மூன்று, வெனிசில் மூன்று. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் வீட்டுக்குப் போனபோது கட்டில் முழுக்கத் துணி. வெள்ளை, சந்தன நிறம், மணல் நிறம், மறுபடியும் வெள்ளை. பாதித் துணிகளில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கே மயில்கழுத்து நீலக் குர்தாவும் பெரிய ஜிமிக்கியுமாகப் போகிறவள் அவள்.

“இதுல உன் துணி எதும்மா?” என்று கேட்டேன்.

“எல்லாமே என்னுதுதான்க்கா. லீவுக்குன்னே வாங்கினேன். போட்டோல நல்லா வரணும்ல?”

நான் எதுவும் புதிதாக வாங்கவில்லை. இங்கே தேக்காக் கடைகளில் பல ஆண்டுகளாகச் சேர்த்த கைத்தறிக் குர்தாக்களும் ஒரு சுங்குடிப் புடவையும் எனக்குப் போதும் என்று முடிவு செய்திருந்தேன். ஆக ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே பத்து நாள். பெட்டிகள் மட்டும் இரண்டு வகை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

பெட்டிக்குள் என்ன இருந்தது

தங்கையின் பெட்டி: வெள்ளை லினன் பேன்ட் இரண்டு, லினன் சட்டை மூன்று, பூப்போட்ட ரேயான் நீள கவுன் நான்கு, ஒரு ஜம்ப்சூட், ஒரு ஜீன்ஸ், ஓலைத் தொப்பி, மூன்று சோடிக் காலணி. எடை 19 கிலோ. இந்த விடுமுறைக்காக மட்டும் 400 வெள்ளிக்கு மேல் செலவழித்திருந்தாள்.

என் பெட்டி: கைத்தறிக் குர்தா நான்கு, பருத்திப் பேன்ட் இரண்டு, சுங்குடிப் புடவை ஒன்று, பருத்தி டீ-சட்டை இரண்டு, துப்பட்டா ஒன்று. பெட்டியின் சொந்த எடை உட்பட 7 கிலோவுக்குச் சற்றே குறைவு. சிங்கப்பூர் ஏர்லைன்சின் எகானமி வகுப்பில் கைப்பெட்டிக்கு 7 கிலோதான் அளவு. ஸ்கூட்டில் 10 கிலோ. வீட்டிலேயே தராசில் நிறுத்திப் பார்த்து, இரண்டு முறை துணியை வெளியே எடுத்த பிறகுதான் அந்த 7 கிலோவுக்குள் வந்தேன். ஒரு கண்டாங்கிப் புடவையும் வைக்க ஆசை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதன்மேல் எனக்குத் தனிப் பெருமை. ஆனால் அதன் கட்டம் போட்ட கனத்த நெசவு, சுங்குடியைவிட நன்றாகவே எடை கூடியது. மனமில்லாமல் அலமாரியில் திரும்ப வைத்தேன்.

நம் வெயிலும் அவர்கள் வெயிலும்

நம்மில் பலர் இங்கேதான் தப்புக்கணக்கு போடுகிறோம். “நம்ம ஊர்ல வருஷம் முழுக்க வெயில்தானே, இங்க போடுறதையே அங்கயும் போட்டா போச்சு” என்று நினைக்கிறோம். சிங்கப்பூரில் ஜூன் மாதப் பகல் 31, 32 டிகிரி. ரோமில் அதே மாதம் சராசரியாக 28-ஐ ஒட்டித்தான் இருக்கும். எண்ணைப் பார்த்தால் அங்கே சுகம். உடம்பு வேறு கதை சொல்லும்.

இங்கே நாம் வெயிலில் நிற்பதே கொஞ்ச நேரம்தான். அடுக்குமாடி புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூரை போட்ட நடைபாதை, அப்புறம் குளிர்சாதனம். சட்டைக்குக் கை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அலுவலகத்தில் குளிருக்குப் போர்த்த ஏதாவது இருக்கிறதா என்பதே நமக்குப் பெரிய கேள்வி. ரோமிலோ ஜூனில் சுமார் 15 மணி நேரம் பகல். இரவு எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை வெட்டவெளியில், கல் தரையிலிருந்து எழும் சூட்டில் நடக்கிறோம். காற்று வறண்டது. இங்கே வியர்வை தோலிலேயே பிசுபிசுவென்று நிற்கும், அங்கே உடனே உலர்ந்துவிடும். அதனால் முழுக்கையும் தளர்வான துணியும் அங்கே குளிர்ச்சி தரும். கை இல்லாத கவுன் போட்ட தங்கைக்கு இரண்டாம் நாள் மாலைக்குள் தோள்பட்டை எரிய ஆரம்பித்துவிட்டது.

துணிக்குத் துணி

நூலிழை எவ்வளவு ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் என்பதற்கு நெசவுத் துறையில் ஒரு கணக்கு உண்டு. சாதாரண அறை நிலையில், இழையின் எடைக்கு இத்தனை விழுக்காடு ஈரம் என்று சொல்வார்கள். பருத்திக்கு ஏறத்தாழ 8.5. லினனுக்கு 12. ரேயானுக்கு 11 முதல் 13 வரை. பாலியெஸ்டருக்கு வெறும் 0.4. கடையில் தொட்டுப் பார்க்கும்போது ‘ஜில்’லென்று இருக்கும் எத்தனையோ பாலியெஸ்டர் சட்டைகள் அரை மணி நேர நடைக்குப் பிறகு முதுகில் ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

லினனைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். வெயிலில் நடக்க அதைப்போல ஒரு துணி கிடையாது. தங்கையின் முழுக்கை லினன் சட்டை ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டேன். ரோமானிய இடிபாடுகள் நடுவே நிழலே இல்லாத அந்த மூன்று மணி நேரத்தில் என் குர்தாவைவிட அது சுகமாகவே இருந்தது. இழை விறைப்பாக இருப்பதால் துணி உடம்பில் ஒட்டாமல் விலகி நிற்கிறது, நடுவில் காற்று ஓடுகிறது. அதே விறைப்புதான் கசங்கலுக்கும் காரணம். ரயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் தொடைக்குக் குறுக்கே பத்து மடிப்பு. கசங்கலும் லினனுக்கு அழகு என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் அது பிடிக்கும். இஸ்திரி மடிப்பு கலையாமல் உடுத்திப் பழகியவர்களுக்கு ஒவ்வொரு காலையும் எரிச்சல் வரும். தங்கைக்கு வந்தது.

ரேயான் கவுன்கள்தான் ஏமாற்றம். கடையில் தொங்கும்போது அருவிபோல விழுகிற துணி. ஆனால் ரேயான் இழை தண்ணீரைக் குடித்து ஊதும், ஈரத்தில் வலுவும் வெகுவாகக் குறையும். விடுதிக் குளியலறையில் துவைத்தால் முறுக்கிப் பிழிய முடியாது, காயவும் நேரமாகும். நான்கு கவுனில் இரண்டை ஒரே ஒரு முறைதான் போட்டாள். ஜீன்ஸை ஒரு முறைகூடத் தொடவில்லை. அது மட்டும் 650 கிராம்.

கைத்தறிப் பருத்தி நெருக்கமில்லாத நெசவு, காற்று புகும். இங்கே ஜூன் மழையில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கவிட்டால் மாலைவரை ஈரம் போகாத அதே குர்தா, ரோமின் வறண்ட காற்றில் இரவில் துவைத்தால் காலையில் உடுத்தத் தயாராக இருந்தது. நான்கு குர்தாவில் பத்து நாள் ஓட்டியதன் இரகசியம் இவ்வளவுதான்.

அதற்கும் ஒரு குறை உண்டு, அதை நான் மறைக்கக் கூடாது. அழுத்தமான நிறக் கைத்தறி சாயம் விடும். ஃபுளோரன்சில் காசு போட்டுத் துவைக்கும் கடையில், இயந்திரம் ஒன்றுதான் காலியாக இருந்தது என்று இருவர் துணியையும் சேர்த்துப் போட்டோம். என் அரக்குக் குர்தா தங்கையின் வெள்ளை லினன் பேன்ட் ஒன்றை ரோஜா நிறமாக்கிவிட்டது. மூன்று முறை துவைத்த துணிதானே என்று நான் நம்பியிருந்தேன். அழுத்த நிறங்களைத் தனியாக, குளிர்ந்த நீரில், கையால்தான் துவைக்க வேண்டும். பயணத்தில் அதற்கு நேரமும் பொறுமையும் இல்லை என்றால் வெளிர் நிறக் கைத்தறியையே எடுத்துப் போங்கள்.

புடவை எடுத்துப் போகலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. புடவை ஐந்தரை மீட்டர். சுங்குடி ஏறத்தாழ 450 கிராம். அதோடு உள்பாவாடை, ரவிக்கை என்று சேர்த்தால் 800 கிராமைத் தொட்டுவிடும். நான் உள்பாவாடையையும் ரவிக்கையையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். பருத்திப் பேன்டுக்கு மேல், கறுப்பு டீ-சட்டையோடு, இடுப்பில் ஒரு மெல்லிய பெல்ட் கட்டி அதில் கொசுவத்தைச் செருகினேன். கீழே கேன்வாஸ் காலணி. கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டியதால் நடை தடுக்கவில்லை. மதுரை சௌராஷ்டிரர் கைகளில் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் ஏற்றிய அந்தப் புள்ளிகள், ஃபுளோரன்சின் மிக்கேலாஞ்சலோ சதுக்கத்தில் சூரியன் விழும் நேரத்தில் எப்படி இருந்தன என்பதை இன்னும் மறக்க முடியவில்லை. படியெல்லாம் மணல் நிறமும் வெள்ளையுமாகக் கூட்டம். நடுவே ஒரே ஒரு குங்குமச் சிவப்பு.

ஒரு மாலை, இரண்டு மாலை என்றால் புடவை சரி. இடம் மாறும் நாளில் வேண்டாம். வெனிசில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் படிகள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பிள்ளை என்ற நிலையில் குர்தாவே மேல். அந்தப் பாலங்களில்தான் 19 கிலோவுக்கும் 7 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தங்கையின் தோளுக்குத் தெரிந்தது. கடைசி இரண்டு பாலங்களில் அவள் பெட்டியை நான்தான் தூக்கினேன்.

சின்னச் சின்ன விஷயங்கள்

துப்பட்டா இல்லாமல் நான் இனி எங்கும் போகமாட்டேன். ரோமின் புனித பீட்டர் பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மெல்லிய பட்டை வைத்த கவுனில் வந்த தங்கை என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டுதான் உள்ளே வந்தாள். பதின்மூன்று மணி நேர விமானக் குளிருக்கு அது போர்வை, மதிய வெயிலுக்கு முக்காடு. எடை 150 கிராம். ஓலைத் தொப்பி அழகுதான், ஆனால் மடிக்க முடியாது. பயணம் முழுக்க யாராவது ஒருவர் கையில் அது இருந்தது.

காலணியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரோமின் தெருக்களில் சதுரச் சதுரமான கருங்கற்கள் பாவியிருக்கிறார்கள், இடுக்கில் குதிகால் சிக்கும். தட்டையான காலணி, அதுவும் இங்கேயே போட்டுப் பழகியது.

நகை விஷயத்தில் தங்கம் வேண்டாம் என்பதில் இருவருமே ஒத்துப்போனோம். எனக்கு ஒரு சோடி வெள்ளி ஜிமிக்கி, ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. தங்கை அவளுடைய ஜிமிக்கிகளை எடுத்துவரவே இல்லை, கவுனுக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டாள். சின்ன முத்துத் தோடு இரண்டு வைத்திருந்தாள்.

அங்கேயே போய் வாங்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். இத்தாலியில் கோடைக்காலத் தள்ளுபடி ஜூலை தொடக்கத்தில்தான் வழக்கமாக ஆரம்பிக்கும். நம் பள்ளி விடுமுறை ஜூன் கடைசி வாரத்தோடு முடிந்துவிடுகிறது. முழு விலைதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆறாம் நாள்

ஃபுளோரன்சில் இரண்டாவது காலை. முந்தைய நாள் படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை சொன்னாள்: “அக்கா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ மாதிரி இருக்கேன்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது, வாங்கிய பிறகு சொல்லி என்ன பயன் என்று பேசாமல் இருந்தேன். சந்தன நிறமும் மணல் நிறமும் அவளுடைய மாநிறத்தோடு கலந்து முகத்தை மங்கலாக்கின. அவள் நடக்கும்போது காதோரம் ஆடுகிற அந்த அசைவு இல்லை. ஒருவருடைய பாணி என்பது எத்தனை துணி என்பதில் இல்லாமல், இப்படி இரண்டு மூன்று பழக்கங்களில்தான் குடியிருக்கிறது: ஒரு நிறம், காதில் ஒன்று, நெற்றியில் ஒன்று. பெட்டியில் இடம் போதாதபோது நாம் முதலில் வெளியே எடுத்து வைப்பதும் அவற்றைத்தான். எடை பார்த்தால் அவை ஐம்பது கிராம்கூடத் தேறாது.

அன்று அவள் என் மஞ்சள் கைத்தறிக் குர்தாவைத் தன் லினன் பேன்டுக்கு மேல் போட்டுக்கொண்டாள். என் ஜிமிக்கியையும் கழற்றிக் கொடுத்தேன். கீழே லினனின் காற்றோட்டம், மேலே அவளுடைய நிறம். இரண்டு பெட்டியிலும் இருந்த எந்த உடையையும்விட அதுதான் நன்றாக இருந்தது. மறுநாளிலிருந்து நானும் அவளுடைய ரோஜா நிறமாகிப்போன பேன்டை வாங்கிக்கொண்டேன், என் நீலக் குர்தாவுக்கு அது அருமையாகப் பொருந்தியது.

ஆகவே என் தேர்வு இப்படி: நான்கு நாளுக்கும் குறைந்த பயணம், துவைக்கும் வேலை வேண்டாம் என்றால் உங்கள் கைத்தறியை மட்டும் எடுத்துப் போங்கள். பத்து நாள், வறண்ட வெயில், நிறைய நடை என்றால் லினன் பேன்ட் இரண்டு வாங்குவதற்குச் செலவழிக்கலாம், மேலே போடுவதெல்லாம் உங்கள் அலமாரியிலிருந்தே வரட்டும். கடற்கரையும் நீச்சல் குளமும்தான் பயணம் முழுக்க என்றால் கதை வேறு. பாலியெஸ்டருக்கு அங்கே நியாயமான இடம் உண்டு, சீக்கிரம் காயும்.

இந்த ஜூனுக்குத் துருக்கி. தங்கை நேற்று தேக்கா சென்டர் மாடியிலிருந்து அழைத்தாள். தையல்காரரிடம் நிற்கிறாளாம், மயில்கழுத்து நீலத்தில் கைத்தறித் துணி மூன்று மீட்டர் எடுத்திருக்கிறாள். “அக்கா, கை முழுசா வைக்கச் சொல்லவா, முக்கால் போதுமா?” முழுக்கை வைக்கச் சொன்னேன். வெயில் இல்லாதபோது மடித்து விட்டுக்கொள்ளலாம்.