பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்: தேசிய சேவைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

சிங்கப்பூரில் மகனுக்கு தேசிய சேவைக்கு (கட்டாயப் படைப்பணிக்கு) அழைப்பு வந்துவிட்டதா? கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மேல்தளத்தில் இருக்கும் ஆர்மி மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பூட்ஸ், சீருடை எல்லாம் ராணுவமே கொடுத்துவிடும், ஆனால் பூட்ஸுக்குள் வைக்கும் மெத்தென்ற இன்சோல், கூடுதல் சாக்ஸ், மழையில் துணி நனையாமலிருக்க ஜிப்லாக் பை, பெயர்ப்பட்டை தைப்பது என்று எல்லாம் இங்கே முடிந்துவிடும். நாங்கள் போன கடையில் அங்கிள் மகனை நிற்கவைத்து, நெடுநடையில் குதிகால் எங்கே உரசும் என்று விரலால் தொட்டுக் காட்டி, தடிமனான சாக்ஸாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். விலை நியாயம்தான். விதவிதமான டார்ச்சை வாங்கவைக்கப் பார்ப்பார்கள், வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

சரி, இந்தத் தேசிய சேவை கட்டாயமாக இருக்கணுமா? ஊரிலிருந்து வந்து நிரந்தரவாசியான நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு ஓயாது, ஏனென்றால் நம் பையன்களும் போகவேண்டும். 1967-ல் வந்த சட்டம், இப்போது 2 வருடம், பெண்களுக்குக் கட்டாயமில்லை. இத்தனை சின்ன நாட்டுக்கு வேறு வழியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பணக்கார வீட்டுப் பையனும் டாக்ஸி ஓட்டுநரின் மகனும் அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் ஒரே அறையில் படுத்து எழுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகப் படிப்பு அவ்வளவு தள்ளிப்போகிறதே, அதற்கேற்ப பையன்களுக்குக் கொடுக்கும் மாதப் படி இன்னும் நன்றாகவே கூடவேண்டும்.