பழைய இசைக்கல்லூரி வகுப்பினர் கூடுவதற்கு ஜூம் எந்த அளவுக்கு உதவும்?

இசைக்கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பிரிந்துபோன பிறகு, எல்லோரும் நேரில் கூடுவது சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் கைகூடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கள் வகுப்பினரின் கூடுகையை ஜூம் வழியாகவே நடத்தி வருகிறோம். ஏற்பாட்டுப் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில்தான் விழுகிறது. அலுவலகக் கூட்டங்களுக்கு இந்தச் சேவை எப்படி என்று எழுதியவர்கள் ஏராளம். பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் கூடும்போது அதனிடம் எதிர்பார்ப்பது வேறு என்பதால், அந்தக் கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். ஒருவர் பாட மற்றவர்கள் கேட்பதற்கு ஜூம் மிக நன்று; சேர்ந்து பாடுவதற்கு அறவே உதவாது.

அடிப்படையில் இது பேச்சுக்காக உருவான சேவை. மின்விசிறியின் இரைச்சலைப் போல மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் தேவையற்ற ஓசை என்று கருதி அடக்க முற்படும். தம்புராவின் இயல்போ இடைவிடாமல் ஒலிப்பதுதான். ஒரே சுரத்தில் நீட்டி நிற்கும் கார்வையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே வழக்கமான அமைப்பில் ஒருவர் மேல் சட்ஜத்தில் (மேல் ‘ஸ’ சுரத்தில்) நின்றால், தொடக்கம் தெளிவாகக் கேட்டு, பிறகு குரல் தேய்ந்து, பின்னணிச் சுருதி காணாமலே போய்விடக்கூடும். இதற்கு மாற்றாக இருப்பதுதான் ‘இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி’ என்ற அமைப்பு. அதனுள் 2020-இல் சேர்க்கப்பட்ட உயர்தர இசை முறையையும் இயக்கினால், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒற்றைத் தடத்துக்கு நொடிக்கு 96 கிலோபிட், ஸ்டீரியோவுக்கு 192 கிலோபிட் என்ற வீதத்தில் அனுப்பப்படுகிறது. வயலினில் சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வழுக்கிச் செல்வதும், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடமும்கூட அப்போது காதில் விழுகின்றன.

ஆனால் இதைக் கூட்டத்தை நடத்துபவர் எல்லோருக்குமாக இயக்கிவிட முடியாது. பாடுகிறவரே தாம் ஜூமில் இணைந்துள்ள சாதனத்தில் இயக்கிக்கொள்ள வேண்டும். கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பது போல இதற்கென்று முதல் சில நிமிடங்களை ஒதுக்கிவிடுவது நல்லது. எதிரொலி நீக்கத்தையும் அணைப்பவர்கள் கட்டாயம் ஹெட்போன் அணிய வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்களின் குரல் ஒலிபெருக்கியிலிருந்து மைக்குக்குள் புகுந்து திரும்பிவரும். ஹெட்போனும் கம்பியுள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்போனின் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது, ஒலித்தரம் பெரும்பாலும் தொலைபேசிப் பேச்சின் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

சேர்ந்து வாசிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய தோழர்கள் கூடினால் முதலில் எழும் ஆசை அதுதான். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 10 மீட்டர் தள்ளி அமர்ந்தவரின் ஒலி நம்மை அடைய சுமார் 29 மில்லிவிநாடி ஆகிறது. தாளம் பிசகாமல் சேர்ந்து வாசிக்கப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லையும் 25 முதல் 30 மில்லிவிநாடிதான். உரையாடலுக்கோ ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடி வரை இருக்கலாம் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பேச்சில் அது உறுத்தாது. இசையில் 50 மீட்டருக்கு அப்பால் இருப்பவருடன் வாசிப்பதற்குச் சமம். பாடகரின் குரல் தாமதமாக வந்து சேர, மிருதங்கக்காரர் அதற்கேற்பப் பின்தங்க, அவருக்காகப் பாடகரும் காத்திருக்க, சில ஆவர்த்தனங்களுக்குள் (தாளச் சுற்றுகளுக்குள்) காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், இழுபட்டு எல்லோரும் சிரித்து நிறுத்துவதில்தான் முடியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஜாக்டிரிப், திறந்த மூல மென்பொருளான ஜமுலஸ் ஆகியவை தாமதத்தைக் குறைப்பதற்கென்றே எழுதப்பட்டவை. அவற்றுக்கும் கம்பிவழி இணையமும் நிறுவுவதற்குப் பொறுமையும் தேவை. தொலைவும் ஓரளவுக்குள் இருக்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் செல்கிறது என்பதால், 5,000 கிலோமீட்டர் தொலைவு மட்டுமே 25 மில்லிவிநாடியை விழுங்கிவிடும். கண்டங்கள் கடந்து வாழும் வகுப்பினருக்கு எந்த மென்பொருளும் இதில் கைகொடுக்காது.

எங்கள் அனுபவத்தில் ஜூம் முழுமையாகக் கைகொடுத்தது பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்ந்து கேட்பதற்கு. திரையைப் பகிரும்போது கணினியின் ஒலியையும் பகிரும் வசதி உள்ளது. மைக்கின் முன் ஒலிபெருக்கியை வைத்து ஒலிக்கவிடுவதைவிட இது பல மடங்கு மேல். கல்லூரி நாட்களின் ஒலிநாடா ஒன்றை இப்படிக் கேட்டபோது, பாட்டின் நடுவே ஆசிரியர் தொடையில் தட்டும் தாளமும், ‘மறுபடியும் எடு’ என்ற அவர் குரலும் துல்லியமாகக் கேட்டன. அதில் பாடிய மாணவி யார் என்பதில் மூண்ட விவாதத்துக்குத்தான் அன்று அதிக நேரம் போனது.

கட்டணமில்லாத கணக்கில் 100 பேர் வரை கூடலாம். ஒரு வகுப்புக்கு அது தாராளம். ஆனால் 40 நிமிடக் கெடு இசைக் கூடுகைக்குச் சற்றும் போதாது. நடத்துபவர் ஒருவர் கட்டணம் செலுத்தினாலே போதும் என்பதால், ஆண்டுக்கு ஒருவராக அந்தச் செலவை ஏற்பது நியாயமாக இருக்கும். நாள் குறிப்பதற்கு வாட்ஸ்அப் குழுவின் வாக்கெடுப்பே எளிது. அதில் 12 தெரிவுகள் வரை தரலாம் என்றாலும் மூன்றுக்கு மேல் தந்தால் முடிவு எட்டாது.

ஆண்டுதோறும் கூடுபவர்கள் கவனிக்க வேண்டியது இணைப்பின் ஆயுள். தொடர் கூட்டத்துக்கான எண் 365 நாட்கள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் காலாவதியாகிவிடும். ஆகவே சென்ற ஆண்டின் இணைப்பை நம்பாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கி அனுப்புவதே நல்லது. மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் நேரம் குறிப்பதிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பாவில் கடைசி ஞாயிறன்றும் கடிகாரம் மாற்றப்படுவதால், இடைப்பட்ட நாட்களில் வழக்கமான நேர வேறுபாடு பொருந்தாது.

கட்டணமில்லாத கணக்கில் கூட்டத்தைக் கணினியில் பதிவுசெய்யலாம். பதிவை இணையத்திலேயே வைக்கும் மேகச் சேமிப்பு (கிளவுட்) கட்டணத் திட்டங்களுக்கே உரியது. பதிவு நடப்பது பங்கேற்பவர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. அது முறையானதுதான் என்றாலும், அந்த அறிவிப்பைக் கண்டதுமே பல ஆண்டுகளாகப் பாடாதவர்கள் ‘தொண்டை சரியில்லை’ என்று நழுவிவிடுகிறார்கள். ஆகவே அறிமுகங்களையும் உரையாடலையும் மட்டும் பதிவுசெய்து, பாட்டுக்கு முன் பதிவை நிறுத்திவிடுகிறேன்.