மறுமொழிக்கு இணைப்புப் பரிசு: எல்லோருக்குமா, தேர்ந்தெடுத்தவருக்கா?

வலைப்பதிவு நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ், மறுமொழி எழுதுபவரின் பெயரிலிருந்து அவர் தளத்துக்குச் செல்லும் இணைப்புக்குத் தானாகவே நோஃபாலோ குறி சேர்க்கும்; ‘இந்த இணைப்பைப் பரிந்துரையாகக் கணக்கில் எடுக்காதே’ என்று தேடுபொறிக்குச் சொல்வது அது. 2005-இல் கூகுள் கொண்டுவந்த குறி இது. நீட்சி (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) போட்டு அதை நீக்கினால், மறுமொழி எழுதும் எல்லோருக்கும் தேடலில் தங்கள் தளத்துக்கு உதவும் இணைப்பு பரிசு. மறுமொழிகள் மளமளவென ஏறும். ஆனால் பெரும்பாலும் ‘அருமையான பதிவு’ என்ற ஒற்றை வரிதான் வரும், பெயருக்குப் பதில் ஏதோ விற்பனைச் சொல்லோடு. இணைத்த தளம் பின்னாளில் கைமாறிச் சூதாட்டப் பக்கமானால், கெடுவது உங்கள் தளத்தின் மதிப்பும்தான்.

மற்ற வழி, குறியைத் தொடாமல் வாரம் ஒரு நல்ல மறுமொழியை அடுத்த பதிவுக்குள் மேற்கோள் காட்டி, எழுதியவரின் தொடர்புள்ள கட்டுரைக்கு இணைப்பு தருவது. அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தாக வேண்டும்; வேலை கூடுதல், மறுமொழிகளும் குறைவு. ஆனாலும் இதுவே மேல்: பதிவின் நடுவில் உள்ள இணைப்பை வாசகர்கள் சொடுக்குவார்கள். முதல் வழிதான் வேண்டுமென்றால், ஒருவரின் முதல் மறுமொழியையாவது நிறுத்திவைத்துப் பார்த்து அனுமதியுங்கள்.