றோல் போர்ஜிங் றொட்டவேற்றர் பிளேட்: வன்னியில் பல போகம் உழுத பிறகு

றொட்டவேற்றர் என்பது உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி, சுழலும் பிளேட்டுகளால் மண்ணைக் கிளறும் கருவி. அதற்கு றோல் போர்ஜிங்கில், அதாவது உருளைகளால் உருட்டி அடித்த பிளேட் லேசில் முறியாது. அதற்குத்தான் கூடுதல் காசு. தேய்மானத்தை அது தடுக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

1100–1200 பாகை செல்சியசுக்குக் காய்ச்சிய உருக்குக் கட்டையை, சுற்றளவின் ஒரு பகுதியில் மட்டும் பள்ளம் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு இடையில் விடுவார்கள். ஒரு பள்ளம் முடிந்ததும் கட்டையை 90 பாகை திருப்பி அடுத்ததில் விடுவார்கள். குறுக்களவு குறையக் குறைய நீளம் கூடும். போல்ட் பூட்டும் தோள் தடிப்பாக நிற்க, வாய்ப்பக்கம் மெலிந்து வரும். உருக்கின் இழை அறுபடாமல் நீளவாக்கில் ஓடும். தகட்டில் வெட்டி வளைத்த பிளேட்டிலோ, வளைவு தகட்டின் இழைவாக்கிலேயே விழுந்துவிட்டால் அந்த இடத்தில் வெடிக்கும். புதிதாக வெளியாக்கிய மேட்டுக்காணியில் பாலை, வீரை மர வேர்களில் அடிபடும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள பழைய வயல்களுக்கு, தோய்ச்சல் (உருக்கைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது) சரியாக இருந்தால் தகட்டுப் பிளேட்டே போதும்.

உருட்டி அடித்ததிலும் ஒரு குறை வரும். ஒரே பள்ளத்தில் அளவுக்கு மிஞ்சிக் குறைக்கப் பார்த்தால் உருக்கு பக்கவாட்டில் பிதுங்கும். திருப்பி விடும்போது அந்தப் பிதுக்கம் உள்ளே மடிந்து, ஒட்டாமல் பதிந்துவிடும். முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். வளைவில் பெயின்றைச் சுரண்டி, மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்துச் சோக்குத்தூள் தூவுங்கள். மடிப்பு இருந்தால் கோடாக நனைந்து காட்டும். வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

தேய்மானம் தோய்ச்சலைப் பொறுத்தது. வாய்ப்பக்கத்தில் அரம் போட்டுப் பார்த்தால் வழுக்க வேண்டும். ஆழமாகக் கடித்தால் அந்தப் பிளேட் வேண்டாம். காலபோகப் புழுதி உழவில், பருக்கைக்கல் கலந்த செம்மண் வளைவின் வெளிமூலையைத்தான் முதலில் தின்னும். அந்த மூலையை வெல்டிங் வைத்து நிரப்பலாம், ஆனால் வளைவுக்குச் சூடு ஏறவிடக் கூடாது. ஏறினால் தோய்ச்சல் போய்விடும். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு விழும்.

மாற்றும்போது எதிரெதிர்ப் பிளேட்டுகளைச் சோடியாக மாற்றுங்கள். புதியதும் தேய்ந்ததும் எதிரே நின்றால் தண்டு அதிர்ந்து பேரிங் போகும். முதல் சில மணி உழவுக்குப் பிறகு போல்ட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். தளர்ந்தபடி ஓடினால் தண்டுப் பக்கத்துத் துளையே நீண்டுவிடும். பிறகு எவ்வளவு நல்ல பிளேட் போட்டாலும் இறுகி நிற்காது.